எழுந்ததும் காலைத் தரையில் வைக்காதீர்கள்

சென்னை தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையின் பட்டுப் பிரிவில் 19 ஆண்டுகள் நின்றிருக்கிறேன். வாங்க வருபவர் உட்கார்ந்து பார்ப்பார். விற்பவள் வெறுங்காலோடு கருங்கல் தரையில் நின்று விரித்துக் காட்டுவாள். ஒரு நாள் கட்டிலை விட்டு இறங்கியதும் குதிகாலில் ஆணி ஏறியதுபோல் சுரீரென்றது. பத்தடி நடந்ததும் தணிந்து, மாலையில் மறுபடி வந்தது. அம்மா பார்த்ததுமே குதிவாதம் என்றார்.

குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் வில்லின் நாண்போல ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. இரவெல்லாம் சுருங்கிக் கிடக்கும் அது, முதல் அடியில் வெடுக்கென்று இழுபடுகிறது. அதனால் இறங்கும் முன்பே அதை நீட்டிவிட வேண்டும். படுக்கையில் உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் போட்டு, கால்விரல்களை அடிப்பகுதியில் பிடித்து முழங்கால் பக்கமாக வளையுங்கள். மறு கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் நாண் விறைத்திருப்பது தெரியும். 10 எண்ணி விடுங்கள். 10 முறை செய்யுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழும்போதும் இதையே செய்யலாம்.

கெண்டைக்கால் இறுகியிருந்தாலும் இந்தச் சவ்வு இழுபடும். சுவரில் கைவைத்து, வலிக்கும் காலைப் பின்னே நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாயுங்கள். 30 விநாடி, மூன்று முறை. வலி சற்று அடங்கிய பின் மாடிப்படியின் விளிம்பில் நின்று, விரல்களுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்கலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

அம்மாவின் வைத்தியம் சுட்ட செங்கல்மேல் எருக்கிலை வைத்துக் குதிகாலால் மிதிப்பது. எனக்கு அன்றைய இரவுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் செங்கல் பக்கமே போகக் கூடாது. சுட்டுப் புண்ணானாலும் உறைக்காது. அவர்களுக்குப் பனிக்கட்டியும் ஆகாது. மற்றவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி, உள்ளங்காலால் 10 நிமிடம் உருட்டலாம்.

வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடப்பதை விட்டேன். மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு ஒன்றைச் சமையலறைக்கென்றே வைத்திருக்கிறேன். முதலில் அம்மா முகம் சுளித்தார். இப்போது அவருக்கும் ஒரு சோடி இருக்கிறது.

எக்ஸ்ரேயில் எலும்பு முள், அதாவது குதிகால் எலும்பில் முள்போல நீண்ட வளர்ச்சி, தெரிந்ததும் நான் அழுதுவிட்டேன். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. வலி போக எனக்கு எட்டு மாதம் ஆனது. பலருக்கு இப்படி மாதக்கணக்கில் ஆகும். இரண்டே வாரத்தில் கைவிட்டுவிடாதீர்கள்.

குதிகாலை இருபுறமும் அழுத்தினால் உயிர்போகிறதா? எலும்பில் விரிசல் இருக்கலாம். வீக்கம், காய்ச்சல், மரமரப்பு, படுத்திருக்கும்போதும் விடாத வலி இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கடையில் நிற்பவர்களுக்கு இன்னொன்று: ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் பிரிவுக்கும் முக்காலி வந்தது. முதல் வாரம் மேற்பார்வையாளரின் பார்வைக்குப் பயந்து யாரும் அதில் உட்காரவில்லை. குதிகால் வலிக்காரி என்பதால் நான்தான் முதலில் உட்கார்ந்தேன்.