போலீஸ் மீது புகாரா? முதல் வாரத்திலேயே கோட்டைவிடும் இடங்கள்

"போலீஸை எதிர்த்து என்னத்தை நிரூபிக்கப் போறீங்க?" என்று தர்மபுரிப் பக்கம் யாராவது கேட்டால், அரூரை அடுத்த வாச்சாத்தியைக் காட்டலாம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அதிகாரிகள் சாதித்தார்கள். வழக்கு சிபிஐ கைக்குப் போய், 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதில் வனத்துறை 126, போலீஸ் 84, வருவாய்த்துறை 5. குற்றம் சாட்டப்பட்ட இன்னும் 54 பேர் தீர்ப்பைப் பார்க்காமலே இறந்துபோயிருந்தார்கள். 2023-ல் உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்தது.

அங்கே ஊரே சேர்ந்து நின்றது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் பிடித்தன. தனி ஆளுக்கு அந்தப் பலம் ஏது? தேதி போட்ட காகிதம்தான் அவருக்குத் துணை. அதைத்தான் பெரும்பாலானவர்கள் முதல் வாரத்திலேயே தவறவிடுகிறார்கள்.

"சும்மா ஒரு விசாரணை, வந்துட்டுப் போ" என்று போன் வந்ததும் தனியாகக் கிளம்பிவிடுவது முதல் தவறு. ஏழு ஆண்டுக்கு மேல் போகாத தண்டனையுள்ள குற்றம் என்றால், கைது தேவையில்லாதபோது எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துத்தான் ஆஜராகச் சொல்ல வேண்டும். பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு இழுக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும். கட்டாயம் போக வேண்டியிருந்தால் கூட ஒருவரை அழைத்துப் போங்கள். உள்ளே போன நேரம், கூப்பிட்டவர் பெயர் இரண்டையும் வீட்டில் ஒருவருக்கு மெசேஜ் தட்டிவிடுங்கள்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி, எல்லை. 2023-ல் இந்த மாவட்டத்துக் குறவர் குடும்பங்களை ஆந்திரப் போலீஸ் பிடித்துப் போய்ச் சித்திரவதை செய்ததாகப் புகார் எழுந்தது. சாதா உடையில் வெளிமாநிலப் போலீஸ் என்று யாராவது வந்து ஆளை ஏற்றினால், வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு உடனே 112-க்குச் சொல்லுங்கள். அந்த அழைப்பும் பிற்பாடு ஒரு ஆதாரம்.

இருப்பதிலேயே பெரிய தவறு, மாஜிஸ்திரேட் முன்னால் வாயை மூடிக்கொள்வது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் அங்கே நிறுத்தியாக வேண்டும். அதற்கு முன் டாக்டர் பரிசோதனை. போலீஸ்காரர் பக்கத்திலேயே நிற்க, "எப்படி அடிபட்டுச்சு?" என்று டாக்டர் கேட்பார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேங்க" என்று பதில் வரும். மாவுக்கட்டுப் படங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சிரிப்புச் செய்தி. வழக்கில் அந்த ஒரு வரி ஆளைக் கவிழ்த்துவிடும். "சொன்னால் ஜாமீன் கிடைக்காது" என்ற மிரட்டலை நம்ப வேண்டாம். அடித்தார்கள் என்றால் அடித்தார்கள் என்றே டாக்டரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் சொல்லுங்கள், காயத்தைக் காட்டுங்கள். மருத்துவ அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

அப்புறம் மனு. கலெக்டர் ஆபீஸ் வாசலில் எழுதும் மனுக்களில் பாதி இப்படித்தான் இருக்கும்: "போலீசார் என்னைக் கொடூரமாகத் தாக்கி, சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாக்கினார்கள்." இதை வைத்துக்கொண்டு யாரை விசாரிப்பது? "செவ்வாய் இரவு 9 மணி வாக்கில், ஸ்டேஷன் மாடி அறையில், மீசை வைத்த, உயரமான ஏட்டு லத்தியால் இடது முழங்காலில் அடித்தார், எழுத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்" என்று எழுதினால் பிடி கிடைக்கும். கோபத்தில் ஸ்டேஷனில் உள்ள எல்லார் பெயரையும் சேர்த்துவிடாதீர்கள். அன்று லீவில் இருந்த ஒருவர் பெயர் வந்தால் போதும், மனு முழுக்கப் பொய் என்பார்கள்.

கேமரா பதிவையும் உடனே எழுத்தில் கேளுங்கள். ஸ்டேஷன் கேமரா பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. அதே ஆண்டு சாத்தான்குளத்தில், பதிவு தினமும் தானாக அழியும்படி அமைத்திருந்தது தெரியவந்தது. சட்டத்தை நம்பி உட்கார்ந்திருந்தால் பதிவு கிடைக்காது.

புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் நகராவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். "கேஸ் முடியட்டும், பார்க்கலாம்" என்று காத்திருந்து அந்தக் கெடுவைத் தாண்டவிடாதீர்கள்.

சமாதானம் பேச உள்ளூர்ப் பெரிய மனிதர் வந்தால், வெள்ளைத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலுக்குப் பணமில்லையா? 15100-க்குப் போன் பண்ணுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.