கணுக்கால் சுளுக்கு: எல்லோரும் செய்யும் தவறுகள்

படியிறங்கும்போது கால் பிரண்டு கணுக்கால் வீங்கினால், நம் வீடுகளில் அடுத்த வேலை எண்ணெய் காய்ச்சி நீவுவதுதான். பிசகிய எதையோ இடத்தில் உட்கார வைப்பதாக நினைத்து நீவுகிறார்கள். ஆனால் சாதாரணச் சுளுக்கில் எதுவும் இடம் மாறுவதில்லை. எலும்பை எலும்போடு பிணைக்கும் லிகமெண்ட் என்ற நார்தான் இழை இழையாகக் கிழிந்திருக்கிறது.

பாதம் உள்பக்கம் மடங்குவதால் வெளிப்பக்கத்து மூன்று நார்கள்தான் அடி வாங்கும். அவற்றில் முன்னால் இருக்கும் மெல்லிய நார் முதலில் கிழியும். உள்பக்கத்து நார் அகலமானது, வலுவானது. அது எளிதில் அறுவதில்லை. கிழிந்த இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் கசிவும் வீக்கமும் கூடும். உள்ளே எலும்பில் விரிசல் இருந்தால் அது விலகவும் கூடும். முதல் 2, 3 நாள் நீவவே வேண்டாம். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம்.

ஐஸ் வலியைக் குறைக்கும். துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும். 2 மணி நேரம் விட்டு மறுபடி வைக்கலாம். நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். க்ரேப் பேண்டேஜை விரல்களுக்குச் சற்று மேலே ஆரம்பித்து, எட்டு வடிவில் மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். கணுக்காலில் மட்டும் இறுக்கிக் கட்டினால் பாதம் முழுக்க நீர் கோக்கும். விரல் மரத்தாலோ நீலமானாலோ உடனே அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். படுக்கும்போது கட்டு தேவையில்லை. காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால் போதும்.

"நடக்க முடிகிறதே, எலும்பு முறிந்திருக்காது" என்பது அடுத்த தவறு. முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளில் உள்பக்கத்து டிபியாவே உடல் எடையின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. வெளிப்பக்கத்து ஃபிபுலா முறிந்தாலும் சிலர் நொண்டி நடந்துவிடுவார்கள். கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட விதி இதற்கு உதவும். கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் நுனியையும், அதிலிருந்து 6 செ.மீ. மேல்வரை பின் விளிம்பையும் விரலால் அழுத்துங்கள். எலும்பிலேயே வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடிபட்ட உடனேயும் மருத்துவரிடம் போகும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலும் அப்படித்தான்.

பலர் தொட்டுப் பார்க்காத இடம் ஒன்று உண்டு. பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவில், ஓர் எலும்பு முண்டாகத் தட்டுப்படும். கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசை ஒன்றின் நாண் அங்கேதான் ஒட்டியிருக்கிறது. கால் பிரளும்போது அந்த எலும்பின் துண்டே பிய்ந்து வரலாம். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா என்று அவசியம் பாருங்கள். பாதத்தின் உள்பக்கம், வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பையும் அப்படியே பாருங்கள்.

முறிவு இல்லை என்று தெரிந்தபின் வாரக்கணக்கில் காலை அசைக்காமல் வைத்திருப்பதும் கெடுதல்தான். மூட்டு இறுகும், கெண்டைக்கால் தசை மெலியும். வலி பொறுக்கும் அளவுக்கு 2, 3 நாளிலேயே பாதத்தை மேலும் கீழும் அசைக்கத் தொடங்கலாம். கைத்தடி வைத்து நடப்பவர்கள் அதை அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள்.

வீக்கம் வடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவதைத்தான் நாங்கள் மிகப் பெரிய தவறாகப் பார்க்கிறோம். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அந்த நார்களில் இருக்கின்றன. நார் கிழியும்போது அந்தத் தகவலும் மங்கும். பாதம் மடங்கத் தொடங்கும்போது வெளிப்பக்கத் தசைகள் இழுத்து நிறுத்தத் தாமதமாகும். ஒருமுறை சுளுக்கிய கால் திரும்பத் திரும்ப பிரள்வதற்கு இது முக்கியக் காரணம். வலி குறைந்ததும் சுவர் ஓரம் ஒற்றைக் காலில் 30 விநாடி, மூன்று முறை நில்லுங்கள். அது சுலபமானதும் கண்ணை மூடி நில்லுங்கள். குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியும் சேரட்டும். ஆறு வாரமாவது தினமும் செய்யுங்கள். அந்தக் காலில் மட்டும் வலியில்லாமல் குதிக்க முடியும்வரை கபடியோ பேட்மிண்டனோ வேண்டாம்.

வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு, நாரைவிட வலுக்குறைந்தது. நார் கிழிவதற்குப் பதில் தட்டிலேயே விரிசல் விழலாம். அங்கே அழுத்தினால் வலிக்கும் பிள்ளையைச் சுளுக்கு வழிக்கக் கூட்டிப்போகாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.