டூக்கி சோதனை எழுத்துகளை அட்டவணையில் சரிசெய்தது: என் அனுபவம்

டூக்கி சோதனை என்பது பல குழுக்களின் சராசரிகளை ஜோடி ஜோடியாக ஒப்பிடும் புள்ளியியல் சோதனை. வேறுபாடு உறுதியாகாத குழுக்களுக்கு ஒரே எழுத்தைப் போட்டு முடிவைக் காட்டுவார்கள். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் இந்தச் சோதனையை முடித்து, சராசரிக்குப் பக்கத்தில் எழுத்து போடும்போது எனக்கு இரண்டு சிக்கல்கள் வந்தன.

முதலாவது, குழுப் பெயரில் இருந்த சிறுகோடு. டூக்கி முடிவு ஒவ்வொரு ஜோடியையும் சிறுகோட்டால்தான் இணைத்துக் காட்டும். எழுத்துகளை ஒதுக்கித் தரும் மல்ட்காம்ப்வியூ என்ற ஆர் தொகுப்பு அந்தக் கோட்டில்தான் பெயரை வெட்டும். 'உரம்-1' என்று பெயர் இருந்தால் ஒரே ஜோடிக்குள் பல கோடுகள் வந்து, பிழை காட்டி நின்றுவிடும். சோதனைக்கு முன்பே அதை அடிக்கோடாக மாற்றியதும் சரியாயிற்று.

இரண்டாவது, எழுத்துகளின் வரிசை. அதுதான் அதிகம் படுத்தியது. குழுச் சராசரிகளைக் கணிக்கும் எம்மீன்ஸ் தொகுப்பின் முடிவை, எழுத்து போடும் சிஎல்டி கட்டளைக்குக் கொடுத்தால் எழுத்துக்குப் பதில் 1, 2 என எண் வரும். அதுவும் குறைந்த சராசரியிலிருந்து. அந்தக் கட்டளையில் 'லெட்டர்ஸ்' என்பதற்குச் சிறிய எழுத்துகளையும் 'ரிவர்ஸ்டு' என்பதற்கு 'ட்ரூ'வையும் கொடுங்கள். ஆரிலேயே உள்ள, மூன்று குழுச் செடிகளின் எடையைத் தரும் பிளான்ட்குரோத் தரவில், சராசரி 5.526-க்கு ஏ, 5.032-க்கு ஏபி, 4.661-க்கு பி என்று வரும். எழுத்தோடு ஒட்டிவரும் வெற்றிடத்தை ட்ரிம்டபிள்யூஎஸ் என்ற ஆர் கட்டளை கொண்டு நீக்குங்கள். இல்லாவிட்டால் வேர்டு அட்டவணையில் எழுத்து தள்ளி நிற்கும்.

இரண்டு குழுக்களுக்கு ஒரே எழுத்து பொதுவாக இருப்பதால் 'இரண்டும் சமம்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். மேலே முதல் இரண்டுக்கும் வித்தியாசம் 0.494, பல ஒப்பீடுகளுக்காகத் திருத்திய பி-மதிப்பு 0.198. இது 0.05-க்குக் கீழே இல்லாததால் வேறுபாடு உறுதியாகவில்லை, அவ்வளவுதான். அட்டவணைக்கு அடியில் சோதனையின் பெயர், 0.05 மட்டம், குழுவுக்கு 10 செடி என்பதையும் சேருங்கள்.