சிறிய அறையிலிருந்து பெரிய மேடைக்கு: ஒரு நடன இசைவகை மாறுவதைக் காதால் கண்டறியும் முறை

சிறு வட்டத்திற்குள் பிறந்த ஒரு மின்னணு நடன இசைவகை ஊரறியப் புகழ்பெற்றதும், பழைய ரசிகர்கள் அது கெட்டுவிட்டது என்பார்கள். புதிதாக வந்தவர்கள் இப்போதுதான் கேட்கும்படி இருக்கிறது என்பார்கள். ஒலியில் என்ன மாறியது என்பதை இருவருமே விளக்குவதில்லை. எந்த இடத்தில், எந்த ஒலிபெருக்கியில் ஒலிப்பதற்காக ஒரு பாடல் செய்யப்பட்டது என்று கேட்டுக்கொண்டு தொடங்கினால், அந்த மாற்றத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்துவிடலாம். அந்த முறையை டப்ஸ்டெப் என்னும் லண்டன் இசைவகையை வைத்து இங்கே விளக்குகிறேன். அது தோன்றிப் பரவி உச்சத்தை எட்டியது ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குள் நடந்த கதை என்பதாலும், ஒவ்வொரு கட்டத்தின் பதிவுகளும் இன்றும் கிடைக்கின்றன என்பதாலும், பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான இசைவகை எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்த இசை பிறந்த இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தெற்கு லண்டனில் உள்ள குராய்டன் பகுதியில் பிக் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் என்றொரு இசைத்தட்டுக் கடை இருந்தது. ஹாட்சா, ஆர்ட்வொர்க், ஸ்க்ரீம், பெங்கா ஆகிய இசைக்கலைஞர்கள் அந்தக் கடையைச் சுற்றி உருவானவர்கள். அன்றைய லண்டன் நடன அரங்குகளில் ஓடிய கராஜ் இசையிலிருந்து பாடகரின் குரலையும் பளபளப்பையும் நீக்கி, பேஸ் எனப்படும் தாழ்ந்த, கனத்த ஒலியையும் வெற்றிடத்தையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2001-இல் தொடங்கிய ஃபார்வர்டு என்ற இரவு நிகழ்ச்சி, பின்னர் ஷோர்டிச்சில் இருந்த பிளாஸ்டிக் பீப்பிள் என்னும் சிறிய, இருண்ட அரங்குக்கு மாறியது. அறை சிறியதாக இருந்தாலும் அதன் ஒலிபெருக்கிகள் மிகத் தரமானவை. 2005-இல் மாலா, கோக்கி, லோஃபா ஆகியோர் பிரிக்ஸ்டனில் ஒரு தேவாலயக் கட்டடத்திற்குள் இயங்கிய அரங்கில் டிஎம்இசட் நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்கள் லண்டனுக்குக் கொண்டுவந்த சவுண்ட் சிஸ்டம் மரபு, அதாவது பேஸை உடம்பால் கேட்கும் மரபு, அங்கே நேரடியாகத் தொடர்ந்தது.

இந்த விவரங்களை வெறும் வரலாறாகப் படித்துவிட்டுக் கடந்துவிடாதீர்கள். அரங்கில் வெளிச்சம் இல்லாததால் மேடையில் இருப்பவரைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஒலிபெருக்கிகள் ஆழமான அதிர்வுகளைத் தாங்கும் என்பதால் மற்ற ஒலிகளைக் குறைத்துவிடலாம். வந்தவர்களில் பலர் தாங்களே இசை செய்பவர்கள் என்பதால் பாடல் மெதுவாக விரிந்தாலும் காத்திருப்பார்கள். அந்த இசையின் வடிவம் இந்தச் சூழலிலிருந்தே வந்தது.

அடுத்து, கேட்பதற்கான பாடல்களை ஆண்டு வரிசையில் எடுத்து வையுங்கள். என் பரிந்துரை இது: ஸ்க்ரீமின் 'மிட்நைட் ரிக்வெஸ்ட் லைன்' (2005), மாலாவும் கோக்கியும் சேர்ந்த டிஜிட்டல் மிஸ்டிக்ஸின் 'ஆன்டி வார் டப்' (2006), கோக்கியின் 'ஸ்பான்ஜ்பாப்' (2007), லா ரூ பாடிய 'இன் ஃபார் த கில்' பாடலுக்கு ஸ்க்ரீம் செய்த ரீமிக்ஸ், அதாவது மறுஆக்கம் (2009), அமெரிக்கரான ஸ்க்ரில்லெக்ஸின் 'ஸ்கேரி மான்ஸ்டர்ஸ் அண்ட் நைஸ் ஸ்பிரைட்ஸ்' (2010), நீரோவின் 'பிராமிசஸ்' (2011). ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை காதை முழுதாக மூடும் நல்ல ஹெட்போனில், இரண்டாம் முறை கைபேசியின் சொந்த ஒலிபெருக்கியில்.

இந்தக் கைபேசிச் சோதனைதான் முழு முறையின் மையம் என்பதால், இதில் அவசரப்பட வேண்டாம். தொடக்ககால டப்ஸ்டெப்பின் சப்-பேஸ், அதாவது பேஸின் மிக ஆழமான அடுக்கு, ஏறத்தாழ 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கும். கைபேசியிலும் மடிக்கணினியிலும் உள்ள சிறிய ஒலிபெருக்கிகளால் அந்த அதிர்வுகளை எழுப்பவே முடியாது. ஆகவே 'ஆன்டி வார் டப்' பாடலைக் கைபேசியில் போட்டால் டிரம்மும், குரலும், எதிரொலியும் மட்டும் எஞ்சும். பாடலைத் தாங்கி நிற்கும் பகுதி காணாமல் போய்விடும். 'ஸ்கேரி மான்ஸ்டர்ஸ்' பாடலை அதே கைபேசியில் போட்டுப் பாருங்கள். அதன் பேஸ் உறுமுவதும் கிழிபடுவதும் தெளிவாகக் கேட்கும், ஏனென்றால் அந்த ஒலியின் ஆற்றலில் பெரும்பகுதி மனிதக் குரல் இருக்கும் நடுப்பகுதி அதிர்வெண்களுக்கு ஏற்றப்பட்டிருக்கிறது. இசை வானொலிக்கும் இணையக் காணொளிக்கும் மடிக்கணினிக்கும் இடம்பெயர்ந்தபோது, பேஸ் நடுப்பகுதிக்கு ஏற வேண்டியிருந்தது. ஏறாத பாடல் அந்தக் கருவிகளில் பாதிப் பாடலாகவே ஒலித்தது.

தாளத்தைக் கேட்கும்போது வேகத்தை மட்டும் அளந்து ஏமாந்துவிட வேண்டாம். 2005-ஆம் ஆண்டுப் பாடலும் 2010-ஆம் ஆண்டுப் பாடலும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 140 அடிகள் என்ற ஒரே வேகத்தில்தான் இருக்கும். நான்கு அடிகள் கொண்ட ஒரு சுற்றில் ஸ்னேர் என்னும் கூர்மையான டிரம் ஒலி மூன்றாம் அடியில் ஒரே ஒரு முறை விழுவதால், எண்ணிக்கை 140 ஆக இருந்தாலும் உடம்பு அதை 70 ஆக உணர்கிறது. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு, தாளம் அப்படியே இருக்கப் பாட்டு கீழ்க்காலத்துக்கு இறங்குவதைப் போன்ற உணர்வு இது. மாற்றம் எண்ணில் இல்லை, அடிகளுக்கு இடையில் இருந்த வெற்றிடத்தில் நிகழ்ந்தது. பழைய பாடல்களில் ஒரு ஸ்னேருக்கும் அடுத்த ஸ்னேருக்கும் நடுவே பேஸ் மட்டும் அசையும், சில இடங்களில் அதுவும் அடங்கிவிடும். பிந்தைய பாடல்களில் அந்த இடைவெளி முழுவதும் துண்டு துண்டான ஒலிகளால் நிரப்பப்பட்டிருக்கும்.

பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். 140 வேகத்தில் 16 சுற்றுகள் என்பது ஏறத்தாழ 27 வினாடிகள். முதல் பெரிய திருப்பம், அதாவது பேஸ் முழு வலிமையோடு இறங்கும் இடம், எத்தனையாவது சுற்றில் வருகிறது, அதற்கு முன் எதிர்பார்ப்பு எப்படி ஏற்றப்படுகிறது, திருப்பத்துக்குப் பின் டிஜே (அரங்கில் பாடல்களை அடுத்தடுத்துக் கலந்து ஒலிக்கச் செய்பவர்) அடுத்த பாடலைக் கலப்பதற்கு எவ்வளவு இடம் விடப்பட்டிருக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பாடல் இன்னொரு பாடலோடு கலக்கப்படுவதற்காகவே செய்யப்பட்டது. தனியாகக் கேட்டால் முடிவடையாததுபோல் தோன்றுவது அதன் குறையல்ல. பிந்தைய பாடல் ஏறத்தாழ நான்கு நிமிடத்தில் தன் கதை முழுவதையும் தானே சொல்லிவிடும்.

இசை எந்த வழியாகக் கைமாறியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொடக்ககாலத்தில் புதிய பாடல் டப்பிளேட்டாக வெட்டப்பட்டது. அலுமினியத் தட்டின் மேல் மென்மையான அரக்குப் பூச்சு கொண்ட அந்தத் தட்டு, சில பத்து முறை ஓட்டியதும் தேயத் தொடங்கும். ஃபாரஸ்ட் ஹில் பகுதியில் இருந்த டிரான்சிஷன் என்ற கூடத்தில் பணம் கொடுத்து வெட்டி வாங்க வேண்டும் என்பதால், எதை வெட்டுவது என்று யோசித்தே முடிவெடுத்தார்கள். ஒரு பாடல் சில டிஜேக்களிடம் மட்டும் மாதக்கணக்கில் இருந்த பிறகே கடைக்கு வரும். ஆகவே வெளியீட்டு ஆண்டை மட்டும் நம்பினால் உங்கள் காலவரிசை பிந்திவிடும். அன்று உரிமமின்றி ஒலிபரப்பிய ரின்ஸ் எஃப்எம் போன்ற வானொலிகளின் பழைய பதிவுகளைக் கேட்டுச் சரிபாருங்கள். எல்லாரும் எல்லாவற்றையும் இணையத்தில் இறக்கிக்கொள்ள முடிந்த பிறகு, கைவசம் உள்ள அரிய பாடலால் ஒரு டிஜே தனித்து நிற்க முடியவில்லை. யார் அதிக அதிர்ச்சி தருகிறார் என்ற போட்டி அந்த இடத்தைப் பிடித்தது.

திருப்புமுனையைத் தேடும்போது ஒரே ஆளைக் குற்றவாளியாக்குவது பலரும் செய்யும் தவறு. அமெரிக்கர்கள் வந்து கெடுத்துவிட்டார்கள் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. 2006 ஜனவரியில் பிபிசி ரேடியோ 1-இல் தொகுப்பாளர் மேரி ஆன் ஹாப்ஸ் இந்த இசைக்காக ஒரு சிறப்பு நிகழ்ச்சி நடத்தினார். அதற்குச் சில வாரங்களில் டிஎம்இசட்டின் ஓராண்டு நிறைவுக்கு வந்த கூட்டம் அறை கொள்ளாமல், நிகழ்ச்சியையே பெரிய அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நடுப்பகுதியில் உறுமும் பேஸைக் கூர்மையாக்கியவர்களில் கோக்கி முக்கியமானவர், அவர் டிஎம்இசட்டின் உள்ளிருந்தே வந்தவர். 2007-இல் காஸ்பாவும் ரஸ்கோவும் வெளியிட்ட ஃபேப்ரிக்லைவ் என்ற வரிசையின் கலவைத்தட்டு (பல பாடல்களைக் கலந்த தட்டு) அந்தக் குணத்தைப் பரவலாக்கியது. 'ஸ்பான்ஜ்பாப்' பாடலையும் ஸ்க்ரில்லெக்ஸையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உள்ள தூரம் பலர் நினைப்பதைவிடக் குறைவு என்பது தெரியும். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது: 2011 கோடையில் டிஜே ஃபிரெஷ்ஷும் நீரோவும் அடுத்தடுத்த மாதங்களில் பிரிட்டன் தரவரிசையின் முதலிடத்தைப் பிடித்தார்கள், 2012 பிப்ரவரியில் ஸ்க்ரில்லெக்ஸ் மூன்று கிராமி விருதுகள் பெற்றார்.

இந்தக் கட்டத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டால் பாதிதான் கேட்டிருப்பீர்கள். ஓர் இசைவகை பெரிதாகும்போது அதன் தொடக்ககாலத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்பதைக் கட்டாயம் தேடுங்கள். மாலா தன் டீப் மெடி நிறுவனத்தின் வழியாக ஆழமான பேஸின் பாதையிலேயே தொடர்ந்தார். 2007-இல் தொடங்கிய ஹெசில் ஆடியோ நிறுவனத்தைச் சுற்றியிருந்தவர்கள் அதே பேஸை டெக்னோவின் பக்கம் கொண்டுசென்றார்கள். ஸ்க்ரீம் சில ஆண்டுகளில் ஹவுஸ், டிஸ்கோ பக்கம் நகர்ந்தார். புகழ்பெற்ற கிளை மிக உரக்க ஒலிப்பதால் மற்றக் கிளைகள் நம் காதுக்கு எட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கதையிலிருந்து யார் விடுபட்டார்கள் என்பதையும் கேட்க வேண்டும், இதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். சிகாகோவில் கறுப்பின, தன்பாலீர்ப்பாளர் கூடிய அரங்குகளில் உருவான ஹவுஸ் இசை, 1987 ஜனவரியில் பிரிட்டன் தரவரிசையின் முதலிடத்தை எட்டியது. பின்னாளில் ஐரோப்பிய விழாக்களின் பெரிய மேடைகளில் அந்தத் தொடக்கம் பெரும்பாலும் பேசப்படவே இல்லை. நீங்கள் எந்த இசைவகையை எடுத்தாலும், முதல் ஐந்தாண்டு நிகழ்ச்சிச் சுவரொட்டிகளில் உள்ள பெயர்களையும், அது புகழ்பெற்ற ஆண்டின் விழாச் சுவரொட்டிகளில் உள்ள பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்று வளர்ந்துகொண்டிருக்கும் ஓர் இசைவகையை இப்படித் தொடர விரும்பினால், அது சிறியதாக இருக்கும்போதே தொடங்குங்கள். வெளியான பாடல்களைவிட நேரடி டிஜே கலவைகளையும் வானொலிப் பதிவுகளையும் சேமியுங்கள். ஒவ்வொன்றின் தேதி, இடம், டிஜேயின் பெயர் ஆகிய மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். பாடல்கள் எப்படியும் மறுவெளியீடாக வந்துவிடும். அவை எந்த வரிசையில், எந்த அறையில் ஒலித்தன என்ற தகவலை உங்களைத் தவிர வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.