பழைய பாணி ஒற்றை இருக்கை ரேஸ் கார்: முதலில் ஈர்க்கில் கட்டுங்கள்

நாகர்கோவில் பக்கம் பழைய மாருதி 800 ஒன்று கையில் சிக்கியதும் 1960-களின் பாணியில் ரேஸ் கார் கட்டலாம் என்று கிளம்புகிறவர்கள் நேராகக் குழாய் வாங்கத்தான் ஓடுகிறார்கள். வேண்டாம். தென்னை ஈர்க்கும் நூலும் எடுத்து, பத்தில் ஒரு பங்கு அளவில் சேசிஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, கட்டிப் பாருங்கள்.

பசை கூடாது, மூட்டுகளை நூலால் மட்டும் கட்ட வேண்டும். நான்கு ஈர்க்கில் ஒரு சதுரம் கட்டி மூலையை அழுத்தினால் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை குறுக்கே ஒன்று கட்டினால் அசையாது. ஸ்பேஸ் பிரேம் (குழாய்களை இணைத்துக் கட்டும் சட்டம்) முழுக்க இந்த முக்கோணக் கணக்குதான். குழாய் இழுபடலாம், அமுங்கலாம், வளையக் கூடாது. அதனால் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகள் மூட்டிலேயே வந்து சேரட்டும், குழாயின் நடுவில் மாட்டாதீர்கள்.

அப்புறம் முன் முனையைப் பிடித்துக்கொண்டு பின் முனையை முறுக்குங்கள். டிரைவர் இறங்கி உட்காரும் திறப்பில்தான் நெளியும், அங்கே மேலே குறுக்குக் குழாய் போட்டால் ஆள் எப்படி உள்ளே போவது? 1962-ல் லோட்டஸ் 25 என்ற ஃபார்முலா ஒன் காருக்கு, அதை வடிவமைத்த காலின் சாப்மேன் குழாய்ச் சட்டத்தையே விட்டுவிட்டு அலுமினியத் தகட்டுப் பெட்டிகளை இரு பக்கமும் ஓடவிட்டார். விறைப்பு கூடியது, எடை குறைந்தது. நம்மூர்ப் பட்டறைக்கு அது பெரிய வேலை. பக்கச் சட்டங்களை உயரமாக்கி மூலைவிட்டம் போடுங்கள், தரைக்கு அலுமினியத் தகடு ரிவெட் அடியுங்கள். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க, தலைக்குப் பின்னால் வரும் ரோல் பாரில் மட்டும் பழைய கார்களைப் பின்பற்றவே கூடாது, இன்றைய போட்டி விதிப்படி போடுங்கள்.

சாதாரண கார் உதிரிகளில் ரேஸ் காரா என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். இங்கிலாந்தின் கூப்பர் அப்பாவும் மகனும் 1946-ல் இரண்டு ஃபியட் டொபொலினோ சிறு கார்களின் முன்பகுதிகளை முதுகோடு முதுகு சேர்த்து, 500 சிசி பைக் இஞ்சினைப் பின்னால் வைத்துத்தான் தொடங்கினார்கள். 1959-லும் 1960-லும் ஜாக் பிராபம் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனது அவர்கள் காரில்தான். (அவர்கள் சட்டத்தில் குழாய்கள் வளைந்தே கிடந்தன என்பது வேறு விஷயம்.) கோவையில் கரிவர்தன் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரைக் கட்டியதும் மாருதி 800 இஞ்சினில்தான்.

அந்த 796 சிசி இஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே தொகுப்பாகத் தூக்கி, திசை திருப்பாமல் முதுகுக்குப் பின்னால் வையுங்கள். திருப்பி வைத்தால் முன் கியரில் கார் பின்னால் ஓடும். மாருதியின் முன் சக்கர அமைப்பே பின்னால் வருவதால், ஸ்டீயரிங் கம்பி மாட்டும் கைகள் இப்போது பின் சக்கரத்தில் சும்மா நிற்கும், அவற்றை நீளம் மாற்றக்கூடிய கம்பிகளால் சட்டத்தோடு பிணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பின் சக்கரங்கள் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும்.

வெல்டிங்கை மூடிய இடத்தில் செய்யுங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் சி ஓ டூ வெல்டிங்கில் உருகிய உலோகத்தைக் காக்கும் வாயு பறந்துபோய் ஓட்டை ஓட்டையாக விழும். குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்புக் காற்று வேறு, வெல்டிங் முடிந்த அன்றே ப்ரைமர் அடித்து, குழாய் முனைகளையும் அடைத்துவிடுங்கள்.