மைதானத்துக்கு வருபவரையும் விசாரியுங்கள்: ஆள் எடுக்கும்போது பள்ளிகள் செய்யும் தவறுகள்

தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளில் கணக்கு ஆசிரியர் வேலைக்கு ஒருவர் வந்தால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் பி.எட். சான்றிதழ் வரை புரட்டிப் பார்க்கிறார்கள். கராத்தே மாஸ்டரோ கபடிப் பயிற்சியாளரோ வந்தால் "தெரிந்தவர் அனுப்பினார்" என்ற ஒரு வார்த்தையே போதுமானதாகிவிடுகிறது. ஆனால் மற்ற ஆசிரியர்கள் வீட்டுக்குப் போன பிறகு பிள்ளைகளோடு மைதானத்தில் இருப்பவரும், போட்டிக்கு வெளியூர் அழைத்துப் போகிறவரும் இவர்தான். அதிகம் விசாரிக்க வேண்டியவரைத்தான் பள்ளிகள் குறைவாக விசாரிக்கின்றன. நான் பார்த்தவற்றில் மிகப் பெரிய தவறு இதுவே.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு தனியார் பள்ளியில் என்சிசி (தேசிய மாணவர் படை) முகாம் என்று சொல்லி நடத்தப்பட்ட முகாமில் மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். முகாமை நடத்தியவருக்கு என்சிசியோடு எந்தத் தொடர்பும் இல்லை. என்சிசி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் வாசலைத் தாண்டியிருக்க முடியாது.

"அவர் எங்கள் ஊழியர் இல்லை, அகாடமி அனுப்பியவர்" என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் பள்ளிகளையும் விளையாட்டு அகாடமிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. ஆசிரியரோ மற்றவரோ, நிரந்தரமோ ஒப்பந்தமோ, பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொரு பணியாளருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் கட்டாயம். அதையும் சேரும் நாளில் ஒருமுறை செய்து கோப்பில் கட்டிவைத்தால் போதாது, குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பவும் செய்ய வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே இதற்கு விண்ணப்பிக்கலாம்.

ஆனால் காவல்துறைச் சான்று பதிவான வழக்கை மட்டுமே காட்டும். பதிவாகாமல் அமுக்கப்பட்டதை அது காட்டாது. "பள்ளியின் பெயர் கெட்டுவிடும்" என்று ஒருவரை ராஜினாமா செய்ய வைத்து, கையில் நன்னடத்தைச் சான்றிதழையும் கொடுத்து அடுத்த ஊருக்கு அனுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு. அப்படி அனுப்புவது அடுத்த பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம், சட்டப்படியும் குற்றம். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தைக் காவல்துறையிடம் சொல்லாத நிர்வாகிக்கு போக்சோ சட்டத்தின் 21ஆவது பிரிவு ஓராண்டு வரை சிறை என்கிறது. எனவே அனுபவச் சான்றிதழைப் படிப்பதோடு நிற்காமல் பழைய பள்ளிக்குப் போன் செய்யுங்கள். விண்ணப்பதாரர் தந்த எண்ணை விட்டுவிட்டு, நீங்களே தேடி எடுத்த அலுவலக எண்ணில் பேசுங்கள். "ஆள் எப்படி?" என்று கேட்டால் "நல்லவர்" என்றுதான் பதில் வரும். "மறுபடி வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். பதில் வருவதற்கு முன்னால் விழும் மௌனத்தையும் கவனியுங்கள்.

தகுதி விஷயத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. "என்ஐஎஸ் முடித்தவர்" என்பார்கள். விளையாட்டுப் பயிற்சியாளர்களை உருவாக்கும் தேசிய நிறுவனம் அது. பாட்டியாலாவில் ஓராண்டு டிப்ளமோ படித்தவரும் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு முடித்தவரும் வெளியே ஒரே பெயரில்தான் உலவுகிறார்கள். சான்றிதழை வாங்கி எந்தப் படிப்பு என்று பாருங்கள். அவர் வாங்கிய பதக்கங்கள் அவர் நன்றாக விளையாடினார் என்பதைத்தான் சொல்லும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முழங்கால் வலித்தால் அன்று ஓட்டத்தை நிறுத்துவாரா என்பது அதில் தெரியாது.

ஆசிரியர் தேர்வில் நடக்கும் தவறு வேறு வகை. மாதிரி வகுப்பை முதல்வர் அறையில், நான்கு பெரியவர்கள் முன்னால் நடத்தச் சொல்கிறார்கள். நான் உட்கார்ந்திருந்த ஒரு நேர்காணலில், அந்த அறையில் சரளமாகப் பேசியவரை ஆறாம் வகுப்புக்கு அழைத்துப் போனோம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஏன் ஐந்தில் இரண்டு வராது என்று ஒரு சிறுமி கேட்டாள். அவர் விதியை இன்னும் உரக்கச் சொன்னார். அடுத்து வந்தவர் முதல்வர் அறையில் திக்கித் திணறியவர். அதே கேள்விக்கு ஒரு தாளைக் கிழித்து, நீளவாக்கில் இரண்டாகவும் அகலவாக்கில் மூன்றாகவும் மடித்துப் பிரித்து அவள் கையில் கொடுத்தார். ஆறு கட்டங்கள். அரை என்பது மூன்று கட்டம், மூன்றில் ஒன்று இரண்டு கட்டம். அவளே எண்ணி, "ஆறில் ஐந்து" என்றாள். மாதிரி வகுப்பைப் பிள்ளைகள் முன்னால் மட்டுமே வையுங்கள்.

அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்பதையும் விட்டுவிடுங்கள். நடு ஆண்டில் ஆசிரியர் போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்கிறார்கள். அப்படிப் பிடித்து வைத்த ஆசிரியர் எந்த மனதோடு வகுப்புக்குள் நுழைவார்? அசலைப் பார்த்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

இத்தனைக்கும் நேரம் ஏது என்பார்கள். ஜூனில் பள்ளி திறக்கும் வாரத்தில் ஆள் தேடினால் நேரம் இருக்காதுதான். விளம்பரத்தை மார்ச்சிலேயே கொடுத்துவிடுங்கள். அப்படியும் ஓர் இடம் காலியாக நின்றால் இரண்டு வாரம் தலைமையாசிரியர் அந்த வகுப்பை எடுக்கட்டும். கராத்தே வகுப்பு ஜூலையில் தொடங்கட்டும்.