ஓப்பல் தேய்க்கும்போது சூடு ஏறவிடாதீர்கள்

ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் வெட்டியெடுத்த ஓப்பல் ரத்தினக்கல் துண்டு ஒன்று கையில் இருக்கிறதா? முதலில் நனைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வண்ணம் ஓடும் பட்டை எது என்று அப்போதுதான் பிடிபடும்.

ஓப்பலுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது, பெரும்பாலும் 6 முதல் 10 சதவீதம். சூடு ஏறினால் கல் விரிசல் விட்டுவிடும். அதனால் உப்புத்தாளை நனைத்தபடியே தேயுங்கள். கல்லிலிருந்து வரும் சிலிக்கா தூசி மூச்சில் போவதும் குறையும். வண்ணப்பட்டை தலைகாட்டியதும் சொரசொரப்பான 220-ஆம் நம்பர் தாளை ஓரமாக வைத்துவிடுங்கள். அது வண்ணத்தையே தின்றுவிடும், பார்க்கவே மனசு வலிக்கும். அப்புறம் 600, 1200, 3000 என்று மேலும் மேலும் நைசான தாள்கள். தாளை மாற்றும்போதெல்லாம் கல்லைத் துடைத்துக் காயவைத்துப் பாருங்கள், ஈரத்தில் கீறல் ஒளிந்துகொள்ளும். கடைசியாக, ஈரத் தோலில் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடியைத் தடவி மெதுவாகத் தேய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு வரும்.